இளையோர் பட்டத்துக்குப் பிறகு என்ன? கர்லிங் வீராங்கனை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: குளிர்கால ஒலிம்பிக் ஒளிபரப்பில் கர்லிங் ஆட்டத்தைப் பார்த்தேன். ஓட்டமோ மோதலோ இல்லாத இந்த ஆட்டத்தில், இளையோர் பிரிவில் உலகப் பட்டம் வென்ற ஒரு பெண்ணுக்குப் பெரியவர் பிரிவு ஏன் கடினமாக இருக்க வேண்டும்? ஆடும் கல்லும் பனித்தளமும் ஒன்றுதானே?
– வாசகி ஒருவர், சேலம்

பதில்: ஒன்றுதான். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கருங்கல்லை, 38 மீட்டர் தொலைவிலுள்ள வட்டத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்துவதுதான் இரு பிரிவுகளிலும் வேலை. அணிக்கு நால்வர், ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு இரண்டு கற்கள். சுற்றின் முடிவில் மையத்துக்கு மிக அருகில் கல்லை நிறுத்திய அணிக்கு மட்டுமே புள்ளி. கடைசி இரண்டையும் பெரும்பாலும் 'ஸ்கிப்' எனப்படும் தலைவிதான் விடுவார். உங்கள் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட்டின் கதையைச் சொல்வது மேல் என்று நினைக்கிறேன். இரு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவரைப்போல் அனுபவித்தவர்கள் குறைவு.

1990 ஏப்ரலில் பிறந்த அவர், ஆட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்துப் பெண். தந்தை கோர்டன், உலகப் போட்டிகளில் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர். 2007, 2008, 2009, 2011 என நான்கு முறை உலக இளையோர் தங்கம் வென்ற அணிகளில் ஈவ் இருந்தார். இதில் 2009ஆம் ஆண்டுப் போட்டி கனடாவின் வான்கூவரில், மறுஆண்டு ஒலிம்பிக்குக்கெனக் கட்டப்பட்ட அரங்கிலேயே நடந்தது. அடுத்த பிப்ரவரியில் 19 வயதில் பிரிட்டன் அணியின் ஸ்கிப்பாக (ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்தினர் ஆடுவது பிரிட்டனுக்காக) அதே அரங்குக்குத் திரும்பினார். அணிக்குக் கிடைத்தது 7ஆவது இடம். தங்கம் வாங்கித் தந்த தளம் ஓர் ஆண்டுக்குள் மாறிவிடவில்லை. எதிரே நின்றவர்கள்தாம் மாறியிருந்தார்கள்.

எவ்வளவு மாறியிருந்தார்கள் என்பது சில வாரங்களிலேயே இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2010 உலகப் பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈவின் அணியைத் தோற்கடித்து வெள்ளியோடு அனுப்பியவர் ஜெர்மனியின் ஆண்ட்ரேயா ஷோப். அவர் முதன்முதலில் உலகப் பட்டம் வென்றது 1988இல், அதாவது ஈவ் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. இளையோர் பிரிவில் அத்தகைய எதிராளி வரவே முடியாது. போட்டிக்கு முந்தைய ஆண்டின் ஜூன் 30 அன்று 21 வயது நிறைந்திருந்தால் இடமில்லை என்பது விதி. ஆகவே அங்கே எல்லோருக்கும் அனுபவம் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

அனுபவம் என்பதை வெறும் முதிர்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். அது ஆட்டத்துக்குள் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. ஆட்டத்துக்கு முன் தளத்தின் மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவிடுவார்கள். கற்கள் போய் வரப் போய் வர உறைந்த அந்தத் துளிகள் தேய்கின்றன. முதல் சுற்றில் ஒரு பக்கமாக வளைந்த கல் எட்டாவது சுற்றில் வேறு அளவில் வளைகிறது. கேரம் பலகையில் பவுடர் குறையக் குறைய காயின் போக்கு மாறுவதைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இருபது ஆண்டுகள் ஆடியவர் இந்த மாற்றத்தை ஒரு சுற்று முன்பே கணித்துவிடுகிறார், இளையவரோ ஒரு கல்லைத் தவறவிட்ட பிறகே அறிந்துகொள்கிறார். அதிலும் ஸ்கிப்பின் பாடு தனி. கை சரியாக இருந்தாலும், எந்தக் கல்லை அடிப்பது, எதை விட்டுவைப்பது, எப்போது ஒரு புள்ளியோடு திருப்தியடைவது என்ற முடிவுகள் அவருடையவை.

பெரியவர்களிடம் தோற்ற மறுஆண்டே, வயது வரம்பு இன்னும் இடம் கொடுத்ததால், ஈவ் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் நடந்த இளையோர் போட்டிக்குத் திரும்பி நான்காவது தங்கத்தை வென்றார். 2013இல் லாட்வியாவின் ரீகாவில் ஸ்வீடனை 6–5 என்று வென்று, 22 வயதில் உலகப் பெண்கள் பட்டத்தைப் பெற்ற மிக இளைய ஸ்கிப் ஆனார். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் வெண்கலம்.

கேள்வி: அப்படியானால் 2018இல் ஒரே ஒரு கல்லில் பதக்கத்தைத் தவறவிட்டவர் இவர்தானா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: இவர்தான். பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தின் பத்தாவது சுற்றில் ஜப்பான் 4–3 என முன்னிலையில் இருந்தது. கடைசிக் கல் ஈவின் கையில். கடைசிக் கல்லை வைத்திருப்பது பெரிய சாதகம். இரண்டு புள்ளிகள் எடுத்து வெல்ல அவர் விட்ட கல் நினைத்தபடி அமையவில்லை. அந்தச் சுற்றின் புள்ளியும் ஜப்பானுக்கே போய் ஆட்டம் 5–3 என முடிந்தது. ஒரே கல்லை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கு முந்தைய சுற்றிலும் ஜப்பான் ஒரு புள்ளியைப் பறித்திருந்தது.

அதே ஆண்டில் இடுப்பில் அறுவைச் சிகிச்சை. 2021 உலகப் போட்டியில் 8ஆவது இடமே கிடைத்ததால் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதியும் போயிற்று. அதன்பின் அணி புதிதாக அமைக்கப்பட்டது: செவிலியராகவும் பணியாற்றிய விக்கி ரைட், ஜெனிஃபர் டாட்ஸ், ஹெய்லி டஃப், மாற்று வீராங்கனையாக மிலி ஸ்மித். அவர்கள் ஐரோப்பியப் பட்டத்தை வென்று, டிசம்பரில் நெதர்லாந்தின் லேவார்டனில் நடந்த தகுதிப் போட்டி வழியாகத்தான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சென்றார்கள்.

அங்கும் லீக் கட்டத்தில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. ஜப்பானுக்கும் கனடாவுக்கும் அதே கணக்கு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அணிகள் வட்டத்தின் மையத்தை நோக்கி விடும் கற்கள் எவ்வளவு தள்ளி நின்றன என்று அளந்து வைத்திருந்த சராசரியே முடிவைத் தீர்மானித்தது, கனடா வெளியேறியது. அரையிறுதியில் எதிரே வந்தவர் 2010 உலக இளையோர் பட்டம் வென்ற ஸ்வீடனின் அன்னா ஹாசல்போர்க். முதல் சுற்றிலேயே ஸ்வீடன் நான்கு புள்ளிகள் எடுத்தது. கூடுதல் சுற்றில் 12–11 என ஈவின் அணி கரையேறியது. இறுதி ஆட்டத்தில் எதிரணி, 2018இல் வென்ற அதே ஜப்பான். ஸ்கிப்பும் அதே சட்சுகி ஃபுஜிசவா. ஏழாவது சுற்றில் நான்கு புள்ளிகள் எடுத்த பிரிட்டன் 10–3 என்று தங்கம் வென்றது.

கேள்வி: இன்னும் ஆடுகிறாரா?
– அதே வாசகர்

பதில்: இல்லை. அந்த ஏப்ரலில் பாபி லாமியுடன் கலப்பு இரட்டையர் உலகப் பட்டத்தையும் வென்றுவிட்டு, 2022 ஆகஸ்டில் 32 வயதில் ஓய்வை அறிவித்தார். நாற்பதைத் தாண்டியும் ஆடுவோர் உள்ள விளையாட்டில் இது முன்கூட்டிய விடைபெறல்தான். பின்னர் 2026 மிலான்–கோர்ட்டினா ஒலிம்பிக்கில் பிரிட்டன் குழுவை வழிநடத்தும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது.