தேங்காய் எண்ணெயும் டெட்டாலும்

அன்புள்ள அக்கா,

வயது 41, தண்டையார்பேட்டை. எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கணவருக்குத் தொற்று இல்லை. உறவின்போது எரிச்சல், வலி. சில சமயம் ரத்தம் படுகிறது. தேங்காய் எண்ணெய் தடவுகிறேன், டெட்டால் தண்ணீரில் கழுவுகிறேன். மாத்திரையாலா? கொஞ்ச நாள் நிறுத்தட்டுமா? "இந்த உடம்புக்கு இது தேவையா" என்கிறார் நாத்தனார்.

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

நாத்தனாரை விடு. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதே. சில வாரங்களில் வைரஸ் ஏறிவிடும், வலி அப்படியே இருக்கும். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, 200க்குக் கீழே நிலைத்திருந்தால் உறவின் வழியாக அவருக்குப் பரவாது. பரவிவிடுமோ என்ற பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டாலும் வலிக்கும். மருத்துவமனையில் மாத்திரை மிச்சத்தை எண்ணுகிறவர்கள் உறவில் வலிக்கிறதா என்று கேட்பதில்லை. வெகுநாளாக எனக்கு இருக்கும் ஆற்றாமை இது.

எண்ணெய்க்கு வருகிறேன். ஆணுறை போடுகிறீர்கள் என்றால், அது ரப்பர். தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எது பட்டாலும் சில நிமிடங்களில் வலுவிழக்கும். பார்த்தால் தெரியாது, நடுவில் கிழியும். மருந்துக்கடையில் தண்ணீரில் கரையும் லூப்ரிகண்ட் ஜெல் கேள். ஆணுறை மாட்டிய பிறகு அதன் மேலும், உன் பிறப்புறுப்பு வாயிலிலும் அரை டீஸ்பூனுக்குக் குறையாமல் தடவு. உலர்ந்தால் மறுபடி தடவு. வலித்தால் நிறுத்தச் சொல், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. பூஞ்சைத் தொற்றுக்கு உள்ளே போடும் கிரீம்களில் சிலவும் ரப்பரைக் கெடுக்கும். சிகிச்சை முடியும்வரை உறவைத் தள்ளிப்போடு.

டெட்டாலை யார் சொன்னார்கள் உனக்கு? உள்ளே நல்ல பாக்டீரியா அமிலம் சுரந்து காவல் காக்கிறது. அதைக் கொன்றுவிட்டுத் தோலையும் புண்ணாக்குகிறாய். வெள்ளைப்படுதலும் நாற்றமும் கூடும், கூடினால் இன்னும் கழுவுவாய். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். உள்ளே எதுவும் வேண்டாம்.

ரத்தம் படுவதை மட்டும் தள்ளிப்போடாதே. எச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ மகளிர் ஓ.பி.க்குப் போ. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனை செய்வார்கள். உன் சம்மதமில்லாமல் உன் தொற்றை வெளியே சொல்வதை 2017 எச்.ஐ.வி சட்டம் தடுக்கிறது.

டாக்டரிடம் "அங்கே வலி" என்று முனகாதே. வலி வாயிலிலா, ஆழத்திலா? வாயிலில் என்றால் வறட்சி, தொற்று, தசை இறுக்கம் பார்ப்பார்கள். ஆழத்தில் என்றால் கருப்பையையும் கருக்குழாய்களையும். கடைசி மாதவிடாய்த் தேதியையும் எழுதிக்கொண்டு போ. மாதவிடாய் தப்பத் தொடங்கியிருந்தால், வறட்சிக்கு அதுவே காரணமாயிருக்கலாம்.