கறுப்புக் காரும் கண்ணை உறுத்தும் கீறல்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் கறுப்பு நிறக் கார் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாதச் சம்பளத்தில் வரும் பணியாளர் தினமும் காலையில் ஈரத் துணியால் வண்டியைத் துடைத்துவிடுகிறார். வண்டி எங்கும் இடித்ததில்லை, உரசியதும் இல்லை. ஆனாலும் வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுவதும் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிகின்றன. பக்கத்து வீட்டு வெள்ளைக் காரில் இப்படி எதுவும் இல்லை. கறுப்பு பெயின்ட்டின் தரம் குறைவா? கீறல் விழாமல் கழுவ வழி உண்டா?
— ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: பெயின்ட்டின் மேல் பழி போட வேண்டாம். அதே துணியால், அதே கையால் துடைக்கப்படும் வெள்ளைக் காரிலும் ஏறக்குறைய இதே அளவு கீறல்கள் இருக்கும். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது வரும் பெரும்பாலான கார்களில் நிறம் தரும் பூச்சுக்கு மேலே, கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கும். அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான் வரைதான். அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட அதற்குக் கிடையாது. வண்டியின் பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் மெல்லிய கோடுகள் விழுவதும் அதில்தான். ஒவ்வொரு கீறலின் விளிம்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பின்னணி வெள்ளையாக இருந்தால், அந்தப் பரப்பிலிருந்து எல்லாப் பக்கமும் வரும் வெளிச்சத்தில் இந்தச் சிதறல் கரைந்துபோகும். கறுப்பு நிறமோ தன்மேல் விழும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், கீறல் மட்டும் வெள்ளிக் கம்பியாக மினுங்குகிறது. கோடுகள் வட்டமாகத் தெரிவதைப் பார்த்து, வட்டமாகத் துடைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்த கோடுகள் மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. பானெட்டின் அருகில் நின்று தலையை ஓர் அடி நகர்த்திப் பாருங்கள், அந்த வட்டமும் கூடவே நகரும்.

இனி காரணத்துக்கு வருவோம். சாலைப் புழுதியில் இருக்கும் மணல் துகள்களில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் எண் 7. சாதாரணக் கண்ணாடியையே அது கீறிவிடும். கட்டட வேலையும் தோண்டிப் போட்ட சாலையும் ஓயாத ஒரு பகுதியில், ஓர் இரவில் படியும் தூசியில் இத்தகைய துகள்கள் எத்தனை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தூசி பெயின்ட்டின் மேல் சும்மா கிடக்கும்வரை எந்தத் தீங்கும் செய்யாது. அதன்மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போதுதான் கீறல் விழுகிறது. உங்கள் பணியாளர் ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் வைத்துக்கொண்டு வரிசையாக எல்லா வண்டிகளையும் துடைத்துக்கொண்டு வருகிறார் என்றால், முதல் வண்டியின் மணல் கடைசி வண்டி வரை பயணம் செய்கிறது. குற்றம் அவருடையதன்று, அவருக்குக் கொடுக்கப்பட்ட நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான். அவருடைய சம்பளத்தைக் குறைக்காமல், தினமும் கண்ணாடிகளை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் முறையாகக் கழுவச் சொல்லுங்கள். தேவையான துணிகளையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தினமும் துடைக்கப்படும் கறுப்புக் காரைவிட, ஆறு நாள் தூசியோடு ஓடி ஏழாம் நாள் குளிக்கும் கறுப்புக் கார் நெடுநாள் புதிதாக இருக்கும்.

முறையாகக் கழுவுவது என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. துணி படுவதற்கு முன்பே முடிந்த அளவு அழுக்கைத் தண்ணீரால் வெளியேற்றுவதுதான் அதில் முக்கால் பங்கு. வண்டி நிழலில் நிற்க வேண்டும். பானெட்டின் மேல் புறங்கையை வைத்தால் சுடக் கூடாது. முதலில் சக்கரங்களையும் மட்கார்டின் உட்புறத்தையும் கழுவிவிடுங்கள், ஏனெனில் அங்கிருந்து தெறிக்கும் சேறு கழுவி முடித்த கதவின் மேல் விழக் கூடாது. சக்கரத்துக்குப் பயன்படுத்திய துணி எந்தக் காரணத்துக்காகவும் பெயின்ட்டைத் தொடக் கூடாது. அதன் பிறகு, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி ஹோஸ் பைப்பால் நன்றாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பிரஷர் வாஷர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதன் முனையை ஓர் அடிக்கு மேல் தள்ளியே பிடியுங்கள், பெயின்ட் பெயர்ந்த இடத்தில் நேராக அடிக்காதீர்கள். காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் ஷாம்பூ நுரையை அதன்மேல் தடவாமல் தெளித்து, சில நிமிடங்கள் ஊறவிட்டு, காய்வதற்குள் மறுபடி தண்ணீர் அடியுங்கள்.

இதற்குப் பிறகுதான் கையுறை வடிவிலான மைக்ரோஃபைபர் துணியை எடுக்க வேண்டும். இரண்டு வாளிகள் தேவை: ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பூ வாளியில் நனைத்து, கதவில் பாதி அளவுள்ள ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் தண்ணீர் வாளியில் துணியை அலசிப் பிழிந்துவிட்டு, அதன்பின்தான் ஷாம்பூ வாளிக்குத் திரும்ப வேண்டும். கழுவி முடித்ததும் இரண்டாவது வாளியின் அடியில் படிந்திருக்கும் மணலை ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரே வாளியாக இருந்திருந்தால் அவ்வளவும் பானெட்டின் மேல் தேய்ந்திருக்கும். அழுத்தம் தர வேண்டாம். துணி தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு போகட்டும். நேர்க்கோட்டில், மேலிருந்து கீழாகப் போங்கள். கதவுகளின் கீழ்ப்பகுதியும் பின்புற பம்பரும்தான் மிகவும் அழுக்கான இடங்கள் என்பதால் அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான். உதறிவிட்டுத் தொடர்வதில் பயனில்லை.

துவட்டும்போது விழும் கீறல்களும் குறைவல்ல. ஹோஸின் முனையில் உள்ள நாசிலைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மெதுவாகக் கூரையிலிருந்து வழியவிட்டால், பெரும்பகுதி ஈரம் படலமாக இறங்கிப் போய்விடும். மிஞ்சும் துளிகளின் மேல் தடித்த மைக்ரோஃபைபர் துவாலையை விரித்து, ஒற்றி எடுங்கள். பழைய பனியன், லுங்கி, புடவைத் துண்டு ஆகியவை வேண்டாம்: அவற்றின் தையலும் பட்டனும் ஒருபுறம் இருக்க, வழவழப்பான துணியில் மணல் உள்ளே ஒதுங்க இடமில்லாமல் மேலேயே நிற்கும். காய்ந்த வண்டியின் மேல் இறகுத் துடைப்பம் ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். கழுவி முடித்த பிறகு வெள்ளை வெள்ளையாக வட்டத் திட்டுகள் படிகின்றன, தேய்த்தாலும் போவதில்லை. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அந்தத் தண்ணீரை மட்டும் வண்டிக்குக் காட்டாதீர்கள். ஆர்.ஓ. இயந்திரம் உப்பைப் பிரித்து வெளியே தள்ளுவது அந்தக் கழிவுநீரில்தான் என்பதால், உங்கள் போர்வெல் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். வெள்ளைத் திட்டுகள் என்பவை துளி ஆவியான பிறகு மிஞ்சும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் இதைத் தாண்டிவிடுகிறது. கறுப்பு வண்டி வெயிலில் வேகமாகச் சூடாவதால், துளியும் வேகமாகக் காய்ந்து உப்பு அதே இடத்தில் இறுகுகிறது.

போர்வெல் தண்ணீரில் கழுவுவதில் தவறில்லை. அது வண்டியின் மேல் காய விடக் கூடாது. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ கழுவுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். சேமித்த மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை; ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, துணியில் வடிகட்டியும் பயன்படுத்தலாம், அதில் உப்பு மிகக் குறைவு. ஏற்கெனவே படிந்த திட்டுகளைத் தேய்க்காதீர்கள். சமையலறை வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் நிற்கும் வண்டியின் திட்டுகள் மேல் ஓரிரு நிமிடங்கள் போர்த்தி வைத்து, உடனே நிறையத் தண்ணீரால் அலசிவிடுங்கள். வினிகர் மெழுகுப் பூச்சைக் கொஞ்சம் கரைத்துவிடும் என்பதால், அந்த இடத்தில் மறுபடி வேக்ஸ் போட வேண்டியிருக்கும். இதற்கும் அசையாத திட்டு என்றால் உப்பு கிளியர் கோட்டையே அரித்திருக்கிறது என்று பொருள். அதைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, 9எச் கடினம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? ஏற்கெனவே விழுந்த கீறல்கள் என்ன ஆகும்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: 9எச் என்பது பென்சில் கணக்கு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை 45 டிகிரி சாய்வில், குறிப்பிட்ட எடையுடன் பூச்சின் மேல் தள்ளி, எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. மிகக் கடினமான 9எச் பென்சிலும் கீறவில்லை என்பதற்குத்தான் அந்தச் சான்று. மணல் பென்சிலைவிடப் பல மடங்கு கடினமானது. ஆகவே கோட்டிங் போட்ட வண்டியையும் மேலே சொன்னபடிதான் கழுவ வேண்டும். அதன் உண்மையான பயன் வேறு: தண்ணீரும் சேறும் அதிகம் ஒட்டாமல் வழுக்கி ஓடுவதால் துணியால் தொட வேண்டிய தேவை குறைகிறது. அதற்காகப் போடுவதானால் போடலாம்.

விழுந்த கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் பாலிஷ் இயந்திரத்தால் நீக்கிவிட முடியும். தடுக்கினால் கீறல் ஆழமானது, பெயின்ட் வேலைதான் வழி. பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று, கிளியர் கோட்டின் மேற்பரப்பைச் சில மைக்ரான் செதுக்கி எடுப்பது. 40 மைக்ரானில் இப்படி எத்தனை முறை செலவழிக்க முடியும்? ஒவ்வொரு சர்வீஸுக்கும் 'ரப்பிங் பாலிஷ்' போட்டுத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கோட்டிங் போடும் எண்ணம் இருந்தால், பாலிஷ் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கீறல்களுக்கு மேலேயே பளபளப்பாக மூடி போட்டதாகிவிடும்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்துவிட்டது, பறவை எச்சமும் அடிக்கடி விழுகிறது. நகத்தால் சுரண்டலாமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டையும் சுரண்டக் கூடாது. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, அதோடு பறவை தின்ற விதைகளும் மணலும் சேர்ந்திருக்கும்; வெயிலில் கிளியர் கோட் சூடாகி இளகும்போது அது கீழே பதிந்துவிடுகிறது. ஆகவே பார்த்த அன்றே எடுத்துவிடுவது நல்லது. காகிதத் துண்டை அல்லது துணியை நன்றாக நனைத்து அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். இளகியதும் தேய்க்காமல் கிள்ளி எடுப்பதைப் போல மேல்நோக்கித் தூக்கிவிட்டு, தண்ணீரால் அலசுங்கள். சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் இதே வழிதான், கொஞ்சம் கூடுதல் நேரம் ஊற வேண்டும். அடுத்த ஆண்டு பொட்டை நம்பர் பிளேட்டின் மேலோ முன் கண்ணாடியின் ஓரத்திலோ வையுங்கள்.