கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போகுமுன்: ஒரு தாயின் கேள்வியும் பதிலும்

கேள்வி: கணவரின் வேலைக்காக மூன்று வருஷம் முன்பு மதுரையிலிருந்து லண்டன் வந்தோம். இல்ஃபோர்டில் இருக்கிறோம். நாலு வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் ஆபரேஷன் என்று கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் இருவரும் கூடவே இருக்கலாமா? ஊரிலிருந்து வரும் என் அம்மாவும் இருக்கலாமா? குழந்தையிடம் என்ன சொல்வது? எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். தெரிந்தவர்களில் ஒருவர் அந்த ஆஸ்பத்திரியைக் கோயில் என்கிறார். இன்னொருவர், "அங்கெல்லாம் பெற்றவர்களைப் பக்கத்திலேயே விட மாட்டார்கள்" என்கிறார். எதை நம்புவது?

பதில்: பக்கத்தில் விட மாட்டார்கள் என்று சொன்னவர் வயதில் மூத்தவராக இருக்க வேண்டும், அல்லது மூத்தவர் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். அவர் சொன்னது பொய்யில்லை. எழுபது வருஷத்துக்கு முந்தைய உண்மை. இந்த நாட்டுக் குழந்தைகள் வார்டுகளில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்திருக்கிறேன். அந்தப் பழைய கதையைத் தெரிந்துகொண்டு வரும் பெற்றோர் வார்டில் தைரியமாக வாய் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

1843-ல் லண்டன் ஆஸ்பத்திரிகளில் ஒரு கணக்கு எடுத்தார்கள். படுக்கையில் இருந்த சுமார் 2,400 நோயாளிகளில் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் 26 பேர். குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த ஊரில் இது. சார்லஸ் வெஸ்ட் என்ற டாக்டர் பல வருஷம் அலைந்து, 1852 பிப்ரவரி 14 அன்று, பழைய வீடு ஒன்றில் பத்துப் படுக்கையோடு இந்த ஆஸ்பத்திரியைத் திறந்தார். குழந்தைகளுக்கென்றே படுக்கை வைத்து பிரிட்டனில் தொடங்கிய முதல் ஆஸ்பத்திரி இதுதான். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1858-ல் ஒரு விருந்தில் பேசித் திரட்டிக் கொடுத்த பணத்தில் பக்கத்து வீட்டையும் வாங்கினார்கள். ஜே. எம். பாரி தன் 'பீட்டர் பேன்' நாடகத்தின் உரிமையை 1929-ல் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். வாசலில் நிற்கும் பீட்டர் பேன் சிலையை உங்கள் மகள் கண்டிப்பாகப் பார்ப்பாள்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது வேறு கதை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், இந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் பொதுவாகவே பெற்றோரைக் கிருமியைக் கொண்டுவரும் ஆட்களாகவும், குழந்தையை அழவைக்கும் ஆட்களாகவும்தான் பார்த்தன. 1949-ல் லண்டனின் பெரிய ஆஸ்பத்திரிகளின் பார்வை நேரத்தைத் தொகுத்தார்கள். ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். இன்னொன்றில் முதல் ஒரு மாதம் பார்க்கவே கூடாது. ராத்திரி ஏழிலிருந்து எட்டுக்குள், குழந்தை தூங்கும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். மூன்றாவது ஒன்றில் மூன்று வயதுக்குக் கீழே என்றால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும்.

இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். டாக்டர் இல்லை, சமூகப் பணியாளர். சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைக் கூடவே இருந்து படம்பிடித்து, 1952-ல் டாக்டர்களுக்கே போட்டுக் காட்டினார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் கத்தும். பிறகு சோர்ந்துபோகும். பிறகு எல்லாரிடமும் சிரித்துக்கொண்டு, தாய் வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அழுகை நின்றதை நர்ஸுகள் "செட்டில் ஆகிவிட்டாள்" என்று குறித்துவைத்தார்கள். குழந்தை நம்பிக்கை இழந்துவிட்டது என்றார் ராபர்ட்சன். அரங்கில் இருந்த டாக்டர்கள் பலருக்குக் கோபம். ஆனால் அரசு அமைத்த பிளாட் குழு 1959-ல், பெற்றோர் எந்த நேரமும் வரலாம், சின்னக் குழந்தையோடு தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகும் வார்டுகள் சட்டென்று மாறவில்லை. 1961-ல் தாய்மார்கள் சங்கம் அமைத்து, கதவு கதவாகத் தட்டித்தான் மாற்றினார்கள்.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தையோடு தாயும் படுக்கையில் ஒண்டிக்கொள்வதை இடநெருக்கடி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே அதையே உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

இப்போது உங்கள் விஷயம். வார்டில் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் பெற்றோரில் ஒருவர் இரவு தங்கலாம். மடக்குக் கட்டில் தருவார்கள். இன்னொருவர் பகலில் வந்து போகலாம். ஆபரேஷன் முடிந்ததும் இதய தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே எந்த நேரமும் பக்கத்தில் உட்காரலாம், படுக்கத்தான் இடமில்லை. அந்த நாட்களுக்குப் பக்கத்திலேயே தங்குமிடம் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அந்த ஆஸ்பத்திரிக் குடும்பங்களுக்காகவே அருகில் தொண்டு நிறுவன வீடுகள் இருக்கின்றன. ஆனால் அறைகள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். உங்கள் அம்மா பகலில் வந்து பார்க்கலாம். கட்டிலருகே ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதை வார்டில் கேளுங்கள். இரவு அவர்கள் வீட்டில் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. நீங்கள் வீடு திரும்பும்போது ரசம் வைத்துத் தயாராக இருக்க ஒருவர் வேண்டுமே! வீட்டுச் சாப்பாட்டை வார்டுக்குக் கொண்டுவரலாமா, சூடு பண்ணித் தருவார்களா என்பது வார்டுக்கு வார்டு மாறும். கேட்காமல் கேரியரோடு போய் நிற்காதீர்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடும். விசா எடுக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். அதனால் மகளின் சிகிச்சைக்கு பில் வராது. மொழிபெயர்ப்பாளருக்கும் காசில்லை.

இங்கிலீஷ் சுமார் என்று கூச்சப்படாதீர்கள், ஆனால் சமாளித்தும் விடாதீர்கள். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுகிற அன்று தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கணவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்றாலும்கூடத்தான். கணவர்கள் மொழிபெயர்க்கும்போது ஆபத்தைப் பற்றிய வரிகள் பாதி காணாமல் போகும். மனைவி பயப்படக் கூடாதாம். லண்டனில் வருகிற மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவராக இருப்பார். அவர் "பிள்ளைக்கு நோகுதோ" என்று கேட்டால் வலிக்கிறதா என்று அர்த்தம். இரண்டு நிமிடத்தில் பழகிவிடும்.

இன்னொரு விஷயம், தலையாட்டல். டாக்டர் பேசப் பேச நாம் தலையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே கேட்போம். மரியாதைக்குத்தான். இங்கே அது சிலருக்கு "வேண்டாம்" என்று படும், சிலருக்கு "எல்லாம் புரிந்துவிட்டது" என்று படும். இரண்டுமே உங்களுக்கு நஷ்டம். "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நம்மூர்த் தாய் ஒருவர், "இவன் வழக்கமா இப்படிப் படுத்திருக்க மாட்டான்" என்று சாயங்காலம் முழுக்க மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பும் கொஞ்சம்தான் கூட. குழந்தை களைப்பாக இருக்கிறான் என்று எழுதிவிட்டுப் போனோம். நானும்தான். ராத்திரி ஒரு மணிக்கு ஓட வேண்டியிருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்தத் தாய் சொன்னது மறக்கவில்லை: "சத்தமாச் சொன்னா தப்பா நினைப்பீங்களோன்னு இருந்தேன்." தப்பாக நினைக்க மாட்டோம். 2024-லிருந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் படிப்படியாக 'மார்த்தா விதி' வந்திருக்கிறது. நிலைமை மோசமாகிறது என்று உங்களுக்குத் தோன்றி வார்டில் யாரும் காதுகொடுக்கவில்லை என்றால், தனியாக ஒரு தீவிர சிகிச்சைக் குழு வந்து பார்க்கும்படி குடும்பத்தாரே கேட்கலாம். அதற்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சேர்ந்த அன்றே கேட்டுப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

பெற்றோர் கவனிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதே ஆஸ்பத்திரியில் ஓர் உதாரணம் உண்டு. எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தை 1960-ல் நியூயார்க்கில் கார் மோதி மூளையில் நீர் கோத்துத் தவித்தான். நீரை வடிக்க வைத்த குழாயின் வால்வு அடிக்கடி அடைத்துக்கொண்டது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பொம்மை விமானங்களுக்குக் குட்டி எஞ்சின் செய்யும் ஸ்டான்லி வேட் என்பவரையும், கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மூளை அறுவை மருத்துவர் கென்னத் டில்லையும் சேர்த்துக்கொண்டார். 1962-ல் மூவரும் அடைக்காத வால்வு ஒன்றைச் செய்துவிட்டார்கள். அது தயாராவதற்குள் மகனுக்குத் தேவையில்லாமல் போயிற்று. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பயன்பட்டது. மூவரும் அதில் லாபம் எடுத்துக்கொள்ளவில்லை.

குழந்தையிடம் என்ன சொல்வது? முதலில், "சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்கிற மிரட்டலை வீட்டில் எல்லாரும் இன்றோடு நிறுத்துங்கள். அம்மா வந்ததும் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். நாலு வயதுக்கு மூன்று நாலு நாள் முன்னால் சொன்னால் போதும். "உன் நெஞ்சுக்குள்ள ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதை டாக்டர் தைக்கப் போறார். அப்ப நீ தூங்கிட்டு இருப்பே. முழிச்சா வலிக்கும், வலிக்கு மருந்து தருவாங்க. அம்மா பக்கத்துல இருப்பேன்." வலிக்கவே வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தடவை பொய் தெரிந்தால் அடுத்த ஒவ்வொரு ஊசிக்கும் நான்கு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். அங்கே விளையாட்டு நிபுணர்கள் என்றே ஆட்கள் உண்டு. பொம்மைக்கு முகமூடி மாட்டி, ஊசிக்கு முன் மரத்துப்போகும் களிம்பு தடவிக் காட்டுவார்கள். அவர்களைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் அறை வரை பெற்றோரில் ஒருவர் கூடப் போகலாம். கண் சொருகிச் சட்டென்று துவண்டுவிடுவாள். அதைப் பார்த்துத் தாங்கக்கூடியவர் போங்கள். அது அப்பாவாக இருந்தாலும் குற்றமில்லை.

உங்களையும் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் முதலில் பார்க்கும்போது முகம் வீங்கியிருக்கலாம், வாயில் சுவாசக் குழாய், நெஞ்சிலிருந்து வடிகுழாய்கள், சுற்றிலும் மணியடிக்கும் மெஷின்கள். மணி அடித்ததும் மெஷினைப் பார்க்காதீர்கள், நர்ஸ் முகத்தைப் பாருங்கள். அவர் பதறவில்லையென்றால் நீங்களும் பதற வேண்டாம்.

ஒரு தாளில் உங்கள் மகள் பேசும் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்: வலிக்குது, தண்ணி, உச்சா, அம்மா எங்கே. மயக்கம் தெளியும்போது இரண்டு மொழி பேசும் குழந்தையும் வீட்டு மொழியில் முனகலாம். நீங்கள் காப்பி குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் அவள் தண்ணி கேட்டால் நர்ஸுக்குத் தெரிய வேண்டும்.

ஆபரேஷன் அன்று தோடு, கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நகப்பூச்சு, மருதாணி வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு நகம் தெரிய வேண்டும். தாயத்துக் கயிறு கட்டாயம் வேண்டும் என்று அம்மா நினைத்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், தலையணைக்கருகே வைக்க ஒரு வழி சொல்வார்கள். எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று எழுதிக் கொடுப்பதை அட்சரம் பிசகாமல் செய்யுங்கள். "குழந்தை பாவம், ஒரு பிஸ்கட்" என்று கொடுத்து ஆபரேஷன் ரத்தானதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சில வாரங்களுக்கு அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஆபரேஷனில் வெட்டிய நெஞ்செலும்பு ஒன்று சேர வேண்டும். ஒரு கை முதுகுக்கும் ஒரு கை தொடைக்கும் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். பாட்டிக்கு இதை ஒரு தலையணையை வைத்துச் செய்துகாட்டிவிடுங்கள். தையல் மேல் மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் படக் கூடாது. சில வாரம் உங்களையே ஒட்டிக்கொண்டு திரிவாள், படுக்கையை நனைக்கலாம். திட்டாதீர்கள், அதுவாகச் சரியாகும். இந்த ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு கிடையாது. ராத்திரி காய்ச்சல் வந்தால் இல்ஃபோர்டிலிருந்து ரயில் பிடிக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மோசமாக இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 999.

கடைசியாக, பெற்றோர் பலர் கோட்டை விடுகிற ஒன்று: இதய ஆபரேஷனுக்கு முன் பல்லைக் காட்டியிருக்க வேண்டும். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் போய் உட்காரும். பல்லில் பிரச்சினை இருந்தால் தேதியைத் தள்ளிவிடுவார்கள். இன்னும் காட்டவில்லையென்றால் நாளைக் காலை முதல் போன் பல் டாக்டருக்கு. அடுத்த போன், கடிதத்தில் உள்ள நர்ஸுக்கு, மொழிபெயர்ப்பாளர் கேட்டு.