டிஎஸ் கேமின் சோர்ஸ் கோடை வெளியிடும் முன்

கேள்வி: நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவிக்கு, டெவ்கிட்ஏஆர்எம் என்ற கம்பைலர் தொகுப்பில் ஒரு புதிர் கேம் எழுதியிருக்கிறேன். சோர்ஸ் கோடை அப்படியே, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடலாமா?
– ஐ.டி. ஊழியர், அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் அப்படியே வேண்டாம். முதலில் ஆபீஸ் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதிய கோட் நிறுவனத்துக்கே சொந்தம். சொந்த நேரத்தில் எழுதியதையும் கோரும் ஷரத்து இருந்தால் எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அடுத்து கோப்புகள். வேறு கேமிலிருந்து உருவிய படம், இசை, பயாஸ் (கருவியின் உள்மென்பொருள்), நின்டெண்டோவின் எஸ்டிகேயிலிருந்து (கேம் உருவாக்கும் அதிகாரபூர்வ கருவித்தொகுப்பு) கசிந்த ஹெடர் கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. பலர் வழுக்குவது இங்கேதான்: ஃபோல்டரிலிருந்து அழித்தாலும் பழைய கமிட்டில் (கிட் சேமித்து வைத்த முந்தைய பதிப்பில்) அது பத்திரமாக இருக்கும். கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் பழைய கமிட்டுகளையும் சுத்தம் செய்யுங்கள். அது சிக்கலென்றால், சுத்தமான ஃபோல்டரில் கிட் இனிட் கட்டளை கொடுத்து, பழைய கமிட்டுகள் இல்லாமல் புதிதாகத் தொடங்குவதே மேல்.

லைசென்ஸ் கோப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் உங்கள் கோடை மாற்றி வெளியிட யாருக்கும் உரிமை கிடையாது. ஜிபிஎல் (வெளியிடுவோர் சோர்ஸ் கோடையும் தர வேண்டும் என்னும் லைசென்ஸ்) உள்ள நிரல் நூலகத்தை இணைத்திருந்தால் கேமையும் ஜிபிஎல்லில்தான் வெளியிட வேண்டும். இல்லையென்றால் கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி லைசென்ஸ் போதும்.

ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் டெவ்கிட்ஏஆர்எம், லிப்என்டிஎஸ் (டிஎஸ்ஸுக்கான நிரல் நூலகம்) பதிப்பு எண்களை எழுதுங்கள். புதிய பதிப்பில் பழைய கோட் கம்பைல் ஆகாமல் போகலாம். கடைசியாக, ஒரு லினக்ஸ் கணினியில் குளோன் செய்து (கிட்ஹப்பிலிருந்து நகலெடுத்து), கம்பைல் செய்யும் மேக் (make) கட்டளை கொடுங்கள். ஹெடர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் அங்கேயே நிறுத்திவிடும்.