பழைய வரலாற்றை வெட்டலாமா?

கேள்வி: சிறு தேயிலை விவசாயிகளுக்காகப் பச்சைத் தேயிலைக் கணக்கு மென்பொருள் ஒன்றை மூவர் சேர்ந்து எழுதிவருகிறோம். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் எங்கள் களஞ்சியம் 3 ஜிபி ஆகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த நண்பர் கோடநாட்டிலிருந்து தரவிறக்கினால் பாதியில் அறுந்துபோகிறது. கடைசி ஓராண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். இடத்தை அடைப்பது உங்கள் வரலாறு அல்ல. நிரல் வெறும் எழுத்து. கிட் அதை வித்தியாசங்களாகச் சுருக்கி அடுக்கிவிடும். மூவர் எழுதிய நிரல் 3 ஜிபி ஆகாது. யாரோ ரசீதுப் படங்களையோ தரவுத்தளப் பிரதியையோ உள்ளே போட்டுப் பிறகு அழித்திருப்பார்கள். அழித்தாலும் பழைய 'கமிட்'டில், அதாவது அன்று சேமித்த மாற்றப் பதிவில், அவை அப்படியே கிடக்கும்.

இலையின் ஈரத்துக்குக் கழிக்கும் விதியை எந்த மாதம், எதற்காக மாற்றினீர்கள் என்பதற்கு அந்தப் பழைய கமிட்டுகள்தான் சாட்சி. தேயிலை வாரியம் மாதந்தோறும் விலை அறிவிக்கும் தொழில் இது. ஒரு விவசாயி பழைய பட்டியலோடு வந்து, "அன்றைக்கு ஏன் குறைந்தது?" என்று கேட்டால் அவருக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டாமா? குன்னூரில் இருந்துகொண்டு இதை எழுதும் எனக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் 'மிரர்' முறையில் முழுப் பிரதி ஒன்றை எடுத்துத் தனி வட்டில் வையுங்கள். பிறகு புதிதாக ஒரு பிரதி இறக்கி, அதில் வரலாற்றைத் திருத்தும் 'ஃபில்டர்-ரெப்போ' கருவியை 'அனலைஸ்' விருப்பத்தோடு ஓட்டினால் பெருத்த கோப்புகளின் பட்டியல் கிடைக்கும். அவற்றை மட்டும் அதே கருவியால் நீக்குங்கள். இதே வேலைக்கான பழைய 'ஃபில்டர்-பிராஞ்ச்' கட்டளை வேண்டாம். கிட்டின் கையேடே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. நீக்கிய இடத்திலிருந்து எல்லாக் கமிட் எண்களும் மாறிவிடும். ஆகவே, மூவரும் கையிலுள்ள வேலையை முன்கூட்டியே சேர்த்துவிட்டு, பின்னர் புதிதாகத் தரவிறக்க வேண்டும். ஒருவர் பழைய பிரதியிலிருந்து களஞ்சியத்துக்குத் தள்ளினாலும் ('புஷ்') படங்கள் திரும்பி வந்துவிடும்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் லினக்ஸ் வழி இருக்கிறது. 2005 ஏப்ரலில் லினக்ஸையும் கிட்டையும் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை (கெர்னல்) கிட்டுக்கு மாற்றியபோது பழைய வரலாறு இல்லாமலே தொடங்கினார். அந்தப் பழைய வரலாறு தனிக் களஞ்சியமாக வாழ்கிறது. வேண்டியவர் 'கிட் ரிப்ளேஸ்' கட்டளை கொண்டு இணைத்துக்கொள்ளலாம். எறிந்துவிடவில்லை, கவனியுங்கள்.

கோடநாட்டு நண்பர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 'டெப்த் 1' என்ற விருப்பம் கொடுத்துத் தரவிறக்கினால் கடைசி நிலை மட்டும் வரும். இன்றே வேலையைத் தொடங்கலாம்.