நுரையீரல் ஆபரேஷன் முடிந்ததும் விலாவில் ஏன் குழாய் போடுகிறார்கள்?

விலா எலும்புகளுக்கு நடுவே செருகும் அந்தக் குழாய் ஒரு வடிகுழாய், அவ்வளவுதான். நுரையீரல் தானாக விரிந்து நிற்காது. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வது போல, மெல்லிய நீர்ப்படலத்தால் அது நெஞ்சுச் சுவரோடு ஒட்டி நிற்பதால்தான் நெஞ்சு விரியும்போது கூடவே விரிகிறது. நெஞ்சைத் திறந்ததும் நடுவில் காற்று புகுந்துவிடும், அப்புறம் ரத்தமும் நீரும் கசியும், அதை வெளியேற்றாவிட்டால் நுரையீரல் சுருங்கியே கிடக்கும். குழாயின் மறுமுனை பெட்டியில் தண்ணீருக்குள் இருப்பதால் காற்று வெளியே போகும், திரும்ப வராது. (மூச்சுக்கு மூச்சு அந்தத் தண்ணீர் ஏறி இறங்கும், பயப்படாதீர்கள், அது இயல்புதான்.) பெட்டி மட்டும் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும்.

குழாய் இருக்கும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் டாக்டர் சரி என்றதும் எழுந்து உட்கார்ந்து, இருமி, கொஞ்சம் நடந்தால்தான் நுரையீரல் சீக்கிரம் விரியும்.