தொழில் கடன் வீட்டுக்கும் வருமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் மைத்துனரும் சேர்ந்து மாங்காய் ஊறுகாய், மாம்பழக் கூழ் தயாரித்து விற்கிறோம். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் பக்காவாக இருக்கின்றன. எங்களுக்குள் எழுத்தில் எதுவும் இல்லை, பாதிப் பாதி என்று வாய்ப்பேச்சுதான். நாளைக்கு ஏதாவது சிக்கல் வந்தால் என் வீடு தப்புமா? – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இப்போதிருக்கிற நிலையில் தப்பாது. நீங்கள் சொன்ன மூன்றும் தொழில் செய்வதற்கான அனுமதியும் பதிவும்தான், கடன்காரரிடமிருந்து உங்கள் சொத்தைக் காக்க அவற்றால் முடியாது. நம் பக்கத்தில் நிறைய பேர் இதைக் குழப்பிக்கொள்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லாபத்தைப் பிரித்துக்கொள்வதாகப் பேசி இருவர் தொழில் நடத்தினாலே அது கூட்டு நிறுவனம், பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. பாதிப் பங்கு என்பதால் பாதிக் கடன் என்று கிடையாது. மைத்துனர் நிறுவனத்தின் பேரில் எண்ணெயும் பாட்டிலும் கடனுக்கு எடுத்துவிட்டு அவர் கையில் பணமில்லை என்றால், சரக்கு கொடுத்தவர் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம்.

அதனால் முதல் வேலை, பங்குதாரர் ஒப்பந்தப் பத்திரம். யார் எவ்வளவு முதல் போட்டது, ஒருவர் கையெழுத்தில் எவ்வளவு வரை கடன் வாங்கலாம், ஒருவர் விலகினால் கணக்கு எப்படித் தீரும், இதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சொந்தத்துக்குள் எதற்குப் பத்திரம் என்று கூச்சப்படாதீர்கள், எழுதி வைத்தால்தான் சொந்தமும் நிலைக்கும். பத்திரத்தோடு நிறுத்தாமல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். பதிவாகாத நிறுவனத்தின் மேல் யாரும் வழக்குப் போடலாம், ஆனால் பெங்களூர்க் கடைக்காரர் சரக்குப் பாக்கியை இழுத்தடித்தால் அந்த நிறுவனம் அவர்மேல் வழக்குப் போட அதே கூட்டாண்மைச் சட்டத்தின் 69-வது பிரிவு விடாது.

இதெல்லாம் செய்தாலும் வீடு பொறுப்புக்குள்தான் இருக்கும். வீட்டைத் தொழிலிலிருந்து பிரிக்க வேண்டுமென்றால் எல்.எல்.பி. (பங்குதாரர் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) அல்லது பிரைவேட் லிமிடெட்டாக மாற வேண்டும். அங்கே கடன் நிறுவனத்தின் கடன், நீங்கள் போட்ட முதலோடு உங்கள் பொறுப்பு நிற்கும். ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் செலவு என்று கொஞ்சம் பிடுங்கும். உங்கள் அளவுக்கு அது தகும் என்பது என் கருத்து.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிறுவனத்தை மாற்றிய பிறகு வங்கிக் கடனுக்குப் போவீர்கள். ஒரு கட்டுக் காகிதத்தைத் தள்ளி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து கேட்பார்கள். அந்தக் கட்டுக்குள் தனிநபர் கியாரண்டி பத்திரம் ஒன்று இருக்கும். அதில் கையெழுத்திட்டால், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி நிறுவனத்துக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கு. எல்.எல்.பி. கட்டிய மதில் அந்த ஒரு தாளில் இடிந்துவிடும். வேறு வழியில்லாமல் போட வேண்டி வரலாம், சரி, ஆனால் தொகைக்கு ஒரு உச்சவரம்பு எழுதச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

ஊறுகாயால் யாருக்காவது உடம்பு கெட்டால் அது தனி விஷயம். உணவுக் கலப்பட வழக்குக்கு எல்.எல்.பி. கேடயமாகாது. கொள்முதல் பில், பேட்ச் எண், ஆய்வக அறிக்கை மூன்றையும் பேட்ச் வாரியாக வைத்திருந்தால்தான் போதிய கவனம் எடுத்தேன் என்று வாதாட முடியும். பொருளால் வரும் பாதிப்புக்கான காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தக்காளி மண்டியில் பங்குதாரராக இருந்து விலகிவிட்டேன். எங்களுக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். இப்போது மண்டி வாங்கிய கடனுக்கு எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. – வாசகர், பாலக்கோடு

பதில்: உங்களுக்குள் எழுதிக்கொண்டது உங்கள் மூவரையோ நால்வரையோதான் கட்டுப்படுத்தும். விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடும் வரை, நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பிக் கடன் கொடுத்தவருக்கு நீங்களும் பொறுப்பு. பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவிப்பது, அரசிதழ், மாவட்டத்தில் வரும் ஒரு தமிழ் நாளிதழ் என்று மூன்றும் வேண்டும். கடன் வாங்கிய தேதியை முதலில் பாருங்கள். நீங்கள் விலகுவதற்கு முந்தைய கடன் என்றால் அறிவிப்பு கொடுத்திருந்தாலும் பொறுப்பு போகாது, கடன் கொடுத்தவரே உங்களை விடுவித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பிந்தைய கடன் என்றால், கொடுத்தவருக்கு நீங்கள் பங்குதாரர் என்பதே தெரியாது என்று காட்ட முடிந்தாலும் தப்பலாம். நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: லேத் பட்டறையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். 'விபத்து நடந்தால் முதலாளி பொறுப்பல்ல' என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். போதுமா? – வாசகர், ஓசூர்

பதில்: அந்தத் தாள் செல்லாது. வேலை நேரத்தில் அடிபட்டால் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் சட்டம் ஏற்காது, 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலே அப்படித்தான். லேத்தில் விரல் போனவரிடம் அதை நீட்டுவது நியாயமும் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் உங்கள் பட்டறை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வந்திருக்காது, ஆகவே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுங்கள். ஆறு பேரின் பெயரும் உண்மையான சம்பளமும் அதில் இருக்கட்டும். சம்பளத்தைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தில் மிச்சம் பிடித்தால், விபத்து நடந்த அன்று மீதியை நீங்கள்தான் கையிலிருந்து கட்ட வேண்டிவரும்.